ஸ்கூட்டருக்கு வழி விடு

திருச்சியில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் யாரையோ "ஸ்கூட்டர்" என்று கூப்பிட்டதை முதல்முறை ஹெட்செட்டில் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிங்கப்பூரின் ஸ்கூட் விமானங்களுக்கு ரேடியோவில் அதுதான் பெயர். அதே திருச்சிக்கு வரும் மலேசிய ஏர் ஏஷியா 'ரெட் கேப்'. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாலும் இந்தப் பெயரை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன் போன்றவற்றுக்கு நிறுவனத்தின் பெயரே கால்சைன், அதாவது ரேடியோவில் கூப்பிடும் பெயர். ஆனால் இண்டிகோ 'ஐஃப்ளை'. லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'ஸ்பீட்பேர்ட்'. 1930களில் இம்பீரியல் ஏர்வேஸ் வைத்திருந்த பறவைச் சின்னத்தின் பெயர் அது. தைவானின் சைனா ஏர்லைன்ஸுக்கு 'டைனஸ்டி' என்று வைத்தவர் புத்திசாலி. ஏர் சைனா என்று வேறொன்று இருக்கிறதே!

காதால் மட்டும் கேட்கிறவரை இதில் தொல்லை ஒன்றுமில்லை. தரையில் ஓடும்போதுதான் சிக்கல். "வலப்பக்கம் வரும் இன்னாருக்கு வழி விட்டுப் போ" என்பார் தரையில் விமானங்களுக்கு வழி சொல்லும் கிரவுண்ட் கன்ட்ரோலர். அவர் முன்னால் கால்சைன் இருக்கிறது. என் முன்னால் கண்ணாடிக்கு வெளியே ஒரு வாலும் சில எழுத்துகளும் இருக்கின்றன.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து அந்த விமானங்களும் ரேடியோவில் 'ஏர் இந்தியா'தான். பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது, 955 என்பது 2955 ஆனது. பெயர் ஒரே ராத்திரியில் மாறிவிட்டது. பெயின்ட் அப்படி மாறுமா? கத்தரிப்பூ நிறமும் விஸ்தாரா என்ற எழுத்தும் அப்படியே இருந்தன.

அடுத்த மாதம், ஒரு பெருநகர விமான நிலையத்தில், மாலை நேரம். நான் ஃபர்ஸ்ட் ஆபீசராகி, அதாவது துணை விமானியாகி, சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "வலப்பக்கம் வரும் ஏர் இந்தியா ஏர்பஸ்ஸுக்கு வழி விடவும்" என்று உத்தரவு வந்தது. நானும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். ஏர் இந்தியா என்று பெரிதாக எழுதிய விமானம் ஒன்று எங்களைக் கடந்து போனது. "கிளியர், சார்" என்றேன்.

கேப்டன் பிரேக்கை விடவில்லை. "அது போயிங் தம்பி. ஏர்பஸ்னுதான சொன்னாங்க?"

அதன் பின்னாலேயே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஏர்பஸ் ஏ320 வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. விஸ்தாரா என்று எழுதியிருந்ததால் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அது போன பிறகு பிரேக்கை விட்டுக்கொண்டே சொன்னார்: "போர்டைப் படிச்சு ஏர்றதுக்கு இது டவுன் பஸ் இல்ல."

அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் புத்தகத்தைப் புரட்டினேன். இறங்க வருகிற விமானத்துக்குப் பின்னால் ஓடுபாதைக்குள் போகச் சொல்லும் உத்தரவுக்கு ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் மாதிரி வாசகத்தில், அந்த முன்னால் போகும் விமானத்தின் வகைதான் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரிதான். காரணம் அன்றுதான் உறைத்தது.

ஆனால் நம் ஊரில் வகை மட்டும் போதாது. எங்கே திரும்பினாலும் ஏ320தான். "உங்கள் கம்பெனி ஏர்பஸ்ஸைத் தொடரவும்" என்று வரிசையில் நிற்கும் இண்டிகோக்காரரிடம் சொன்னால், அவருக்கு முன்னால் அப்படி நாலைந்து நிற்கும். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு இணைப்பும் நடந்திருந்தது. முன்பு ஏர் ஏஷியா இந்தியாவாக 'ரெட் நைட்' என்று பறந்தவை, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் இந்தியா'வுக்குள் வந்துவிட்டன. 'ஏர் இந்தியா', 'எக்ஸ்பிரஸ் இந்தியா' இரண்டையும் நெரிசலான ரேடியோவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அதனால் சந்தேகம் வந்தால் நிறத்தைக் கேட்டுவிடுகிறேன். "பர்ப்பிள் வால்தானே?" சில கன்ட்ரோலர்கள் கேட்காமலே "ஏர் இந்தியா, விஸ்தாரா கலர்" என்று சேர்த்துச் சொன்னார்கள். அவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஒரு நொடி கூடுதலாகப் பேசுவதுகூட அவர்களுக்குச் சுமைதான், அப்படி இருந்தும் சொன்னார்கள்.

அந்தக் கேப்டனோடு இப்போதும் எப்போதாவது டியூட்டி விழும். கிரவுண்ட் யாருக்காவது வழி விடச் சொன்னதும் என் பக்கம் திரும்புவார். "என்ன தம்பி, போர்டு தெரியுதா?"