சிசேரியன் முடிந்ததும் பிள்ளை தாயின் நெஞ்சிலேயே இருக்க

சிசேரியனில் பிள்ளை தாயைவிட்டுப் பிரிவது பெரும்பாலும் நோயால் அல்ல, எடை மெஷின் பக்கத்து அறையில் இருப்பதால்தான். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் முதலில் மாற்றியது அதைத்தான். எடை, அளவு எல்லாம் முதல் பால் குடித்தபிறகு. பெயர்ப்பட்டை மட்டும் மேசையிலேயே கட்டிவிடுவோம்.

பாதி வேலை தாய்க்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கவுனின் முடிச்சை அப்போதே அவிழ்த்துவிடுங்கள். படுக்கவைத்தபின் முதுகுக்கடியில் சிக்கிய துணியை இழுக்க முடியாது. ஈசிஜி ஒட்டிகள் நெஞ்சை விட்டுத் தோளுக்கும் விலாவுக்கும் போகட்டும். ட்ரிப் ஊசி முழங்கை மடிப்பில் இருந்தால் தாயால் பிள்ளையை அணைக்க முடியாது, முன்கையில் போடச் சொல்லுங்கள். அறை வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. வியர்க்கிறது என்று அறுவை மருத்துவர் சொல்லத்தான் செய்வார்.

நன்றாக அழும் பிள்ளை என்றால் ஒரு நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியைக் கட்டி, துடைத்து, ஈரத்துண்டை எடுத்துவிட்டு நெஞ்சில் குறுக்காகக் கிடத்துகிறோம். தலைக்குக் குல்லா, மேலே சூடாக்கிய துண்டு. அழாத பிள்ளைக்கு வார்மரும் (சூடு தரும் கருவி) மூச்சு உதவியும்தான் முதலில். அங்கே பேச்சே இல்லை.

முகம் பக்கவாட்டில் திரும்பி, மூக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைபடும். அதனால் ஒரு நர்ஸுக்கு வேறு வேலை தருவதில்லை. முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறம், மூச்சு, உடல் சூடு பார்த்துக் குறிப்பார். பிபி இறங்கித் தாய்க்கு வாந்தி வந்தால் பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். சரியானதும் திரும்ப நெஞ்சில். விட்டமின் கே 1 மில்லிகிராம் ஊசியைப் பால் குடிக்கும்போது போட்டால் அழுகை குறைவு.

எல்லாம் சரியாக நடந்தும் கெடுகிற இடம் டிராலி. மேசையிலிருந்து தாயை மாற்றும் அந்த ஒரு நிமிடம் பிள்ளை நர்ஸ் கையில். பக்கக் கம்பியை ஏற்றியதும் மறுபடி தாயிடம். 'சும்மா காட்டிட்டு வர்றேன்' என்று பிள்ளையை மட்டும் வாசலுக்கு எடுத்துப்போனால் முக்கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் போட்டோ எடுத்து, யாராவது பெரியவர் சேனையும் (நாக்கில் சர்க்கரைத் தண்ணீர்) தொட்டு வைத்திருப்பார். பாட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை, வாசலில் கொடுத்தது நாம். இப்போது டிராலியில் தாயோடு வரும்போதுதான் பார்க்கலாம்.

'எடை குறைவு, வார்மர் வேண்டாமா?' என்று கேட்பார்கள். இந்தியா, கானா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.799 கிலோ வரையிலான பிள்ளைகளைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு சேர்த்துப் பார்த்தார்கள். நிலை தேறியபிறகு சேர்த்த பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதம், உடனே சேர்த்ததில் 12. முடிவு 2021இல் வந்தது. ஆனால் அதற்குத் தாயின் கட்டிலே பச்சிளங்குழந்தை வார்டுக்குள் போக வேண்டும். கட்டிலுக்கு இடம் கேட்டால்தான் நிர்வாகத்துக்குக் கோபம் வருகிறது.

வார்டில் முதல் இரவு தாய்க்குக் கால் மரத்திருக்கும், வலி மருந்தில் கண் சொருகும். கூட இருப்பவர் விழித்திருந்தால் மட்டுமே பிள்ளை நெஞ்சில். அவரும் தூங்கப்போகிறார் என்றால் கைக்கெட்டும் தொட்டில்.