சபையர் கேசட்: நாட்குறிப்பு, 2024

மார்ச் 16, சனி

இன்றும் ஆறுதான். போகிமொன் விளையாட்டின் டயமண்ட் கேசட்டில் உள்ள பால் பார்க் என்ற இடம், பழைய கேசட் ஒன்றிலிருந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு ஆறு போகிமொன்களை மட்டுமே உள்ளே விடுகிறது. பிளாட்டினத்தில் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்; எங்களிடம் இருப்பது டயமண்ட். தம்பியின் சபையர் கேசட்டில் பெட்டிகள் நிறைந்து கிடக்கின்றன, திரீடிஎஸ் என்ற கையடக்கக் கருவியின் இணையச் சேவை நிற்கும் ஏப்ரல் 9 நெருங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

தம்பி இருக்கும் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு இல்லை. ஆறு.

மார்ச் 18, திங்கள்

சபையரைத் திறக்கும்போதெல்லாம், உள்ளிருக்கும் பற்றரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் நேரத்தைச் சார்ந்தவை இனி நடக்காது என்ற அறிவிப்பு முதலில் வருகிறது. அவன் நட்ட பெர்ரிச் செடிகள் நட்ட நிலையிலேயே நிற்கின்றன. நீர் ஊற்றிப் பார்த்தேன், வளரவில்லை. ஆனாலும் அவன் சேமித்து வைத்தவை அழியவில்லை என்பது பெரிய ஆறுதல். 1999இல் வந்த கோல்ட், சில்வர் கேசட்டுகளின் கதை வேறு. பகலும் இரவும் உண்மையான நேரத்தோடு ஓடும் கடிகாரத்தை இந்தத் தொடருக்கு முதலில் கொண்டுவந்தவை அவைதான். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும், ஆண் பெண் வேறுபாடும், இருள், உருக்கு என்ற இரண்டு புதிய வகைகளும் அவற்றோடு வந்தவைதான். ஆனால் கடிகாரமும் சேமிப்பும் ஒரே பற்றரியை நம்பியிருந்ததால், அது தீர்ந்த நாளில் உள்ளே வளர்ந்த அனைத்தும் சேர்ந்து போய்விட்டன. 2002இன் ரூபியும் சபையரும் சேமிப்பைப் பற்றரி தேவைப்படாத நினைவகத்துக்கு மாற்றின. யாரும் பாராட்டிப் பேசாத அந்த ஒரு மாற்றத்தால்தான் அவன் வளர்த்த சுவாம்பர்ட் என்ற நீர்ப் போகிமொன் இன்னும் இருக்கிறது.

அம்மா தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து, இன்றைக்கு அதில் எத்தனை போனது என்று கேட்டார். கண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 20, புதன்

பாடசாலையிலிருந்து வந்து விடைத்தாள்களைத் தொடவில்லை. 1996 பெப்ரவரி 27ஆம் திகதி ஜப்பானில் ரெட், கிரீன் என்ற இரண்டு கேசட்டுகளை ஏன் ஒரே நாளில் விட்டார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவரும் இந்தத் தொடரை உருவாக்கியவருமான சதோஷி தஜிரி, கேம் பாய் கருவிகள் இரண்டை இணைக்கும் வயரைப் பார்த்தபோது, அதன் வழியாக ஓர் உயிர் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாக எண்ணினார். தொடர் முழுவதும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. ஒரு கேசட்டில் இல்லாதது மற்றதில் இருக்கும், 151இல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் இன்னொருவர் வேண்டும். சண்டையும் பதக்கமும் பிறகு வருபவை, கைமாற்றுவதே இதன் அடித்தளம். ஒவ்வொரு தலைமுறையையும் அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோலும் அதுதான்: பழையதில் வளர்ந்தது புதியதற்குள் வர வழி இருக்கிறதா, இல்லையா. படம் எவ்வளவு அழகானது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.

மார்ச் 21, வியாழன்

அப்பா அழைத்தார். இன்னொரு பரிசோதனையாம், முடிவு வருவதற்குத் திங்கள் ஆகுமாம். பின்னணியில் அவன் குரல் கேட்டது: “அக்காகிட்ட சொல்லுங்க, சுவாம்பர்ட்ட கடைசியா அனுப்பச் சொல்லுங்க.”

மார்ச் 23, சனி

சுவாம்பர்ட் கடைசியில்தான் போகும், ஆனால் அதை இன்றே தயார் செய்துவிட்டேன். வழித் தடைகளைக் கடக்க உதவும் சர்ஃப், வாட்டர்ஃபால் போன்ற எச்எம் வித்தைகளைக் கற்றிருக்கும் போகிமொன்னைப் பால் பார்க் ஏற்காது. அவற்றைச் சாதாரணமாக மறக்கவைக்கவும் முடியாது. சபையரின் லிலிகோவ் நகரத்தில் ஒரு வீட்டில் இருக்கும் முதியவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடலைக் கடக்கக் கற்றுக்கொடுத்ததும், அருவியில் ஏறக் கற்றுக்கொடுத்ததும் தம்பி. இரண்டையும் நான் மறக்கவைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் உறுதியாகவா என்று கேட்கிறார்.

பத்து வருடங்களுக்கு மேலாக எல்லோருடைய அணியிலும் ஓர் இடத்தை இந்த எச்எம் வித்தைகள் பிடித்து வைத்திருந்தன. மரம் வெட்டவும் பாறை தள்ளவும் ஒன்றைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. 2016இல் வந்த சன், மூனில் அவற்றை அகற்றி, ஏறிச் செல்லத் தனியாகப் போகிமொன்களைத் தந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் ஒரு பிள்ளை எந்தப் போகிமொன்னை எதற்காக நம்பியது என்பதற்கான தடயமும் அதனோடு போய்விட்டது. இதன் வித்தைகளைப் பார்த்தாலே அவன் எதில் ஏறிக் கடலைக் கடந்தான் என்று தெரிந்தது.

மார்ச் 24, ஞாயிறு

போயா விடுமுறை. தோட்டம் அமைதி. ஆறு.

மார்ச் 25, திங்கள்

முடிவு வரவில்லை.

2002ஐ நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ரூபியும் சபையரும் உள்ளமைப்பையே மாற்றி எழுதின: ஒவ்வொரு போகிமொன்னுக்கும் ஓர் இயல்பு, ஒரு திறன், இருவர் இருவராக மோதும் சண்டை. அவை அனைத்தும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன, பிறகு வந்த எல்லாத் தலைமுறைகளும் அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் அதற்கு விலையாக முதல் இரண்டு தலைமுறைகளின் 251க்கும் கதவு மூடப்பட்டது. 2004இல் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் வந்தபோது பழைய இனங்களைத் திரும்பவும் பிடிக்க முடிந்தது என்பார்கள். இனம் திரும்பியது உண்மைதான். ஒருவர் தன் கையால் வளர்த்த அந்த ஒன்று திரும்பவில்லை. இனத்தையும் அந்த ஒன்றையும் வேறு வேறாகப் பார்க்காமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஒவ்வொன்றின் விவரப் பக்கத்திலும் முதலில் பிடித்தவரின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கின்றன. எத்தனை கை மாறினாலும், எத்தனை தலைமுறை கடந்தாலும் அவை மாறுவதில்லை. ஏழு எழுத்துக்குமேல் இடமில்லாததால் தம்பியின் பெயர் பாதியில் நிற்கிறது. பாட்டி இருந்தபோது, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எந்தக் கப்பல், எந்த வருடம் என்பதையெல்லாம் விட்டுவிட்டுப் பெயர்களைத்தான் வரிசையாகச் சொல்வார். அந்த விவரப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

மார்ச் 27, புதன்

மழை. கைத்தொலைபேசிக்கு அலை இல்லை, பிள்ளையார் கோயில் மேட்டுக்குப் போய்த்தான் அப்பாவிடம் பேசினேன். பேச ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

சோர்டு, ஷீல்டு என்ற விளையாட்டுகளைப் பற்றித் தம்பியோடு கடைசியாகச் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. 2019 ஜூனில் தொடரின் தயாரிப்பாளர் ஜுனிச்சி மசுதா, இனி எல்லாப் போகிமொன்களும் ஒவ்வொரு விளையாட்டிலும் இடம்பெறமாட்டா என்று அறிவித்தபோது, தம்பி அதைச் சரி என்றான். எண்ணிக்கை 800ஐத் தாண்டிவிட்டது, எல்லாவற்றையும் புதிதாக வரைந்து அசையவைத்துச் சமன்படுத்துவது எத்தனை பேரின் வேலை என்று கேட்டான். உழைப்பின் கணக்கில் அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் 2006 முதல் கட்டி வந்த பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்ற பிறகு, உள்ளே இடமில்லை என்று சொல்வதை என்னால் அன்று ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. 2020இல் வந்த ஹோம் என்ற இணையச் சேமிப்பகம் அவற்றையெல்லாம் வைத்திருக்கிறது, ஆனால் வைத்திருப்பதும் கூட நடப்பதும் ஒன்றல்ல. ஸ்கார்லெட், வயலட் 2022 நவம்பரில் வந்தபோது சுவாம்பர்ட்டின் ஆரம்ப வடிவமான மட்கிப்புக்கு அதில் இடமில்லை; கடந்த டிசம்பரில் வந்த கூடுதல் பகுதியில்தான் அது உள்ளே வந்தது. செய்தி வந்த அன்று அவன் நல்ல சுகத்தோடு இருந்தான், லயத்து வாசலில் நின்று கூவினான்.

அந்த சோர்டு, ஷீல்டிலேயே தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் குடிகொண்ட ஒரு பேய் இருக்கிறது. சினிஸ்டீ. யாரோ குடிக்காமல் விட்டு ஆறிப்போன தேநீரில் தனித்த ஓர் ஆவி புகுந்ததால் பிறந்ததாம். கோப்பையின் அடியில் முத்திரை இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி, மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அசலுக்கு ஒரு வகை உடைந்த கேத்தல், போலிக்கு வேறொரு வகை கொடுத்தால்தான் அது பொல்டீகெய்ஸ்டாக மாறும். மிக நுணுக்கமான படைப்பு. கலார் பகுதி பிரித்தானியாவை வைத்து அமைந்தது, அதனால் கோப்பையும் கேத்தலும் முத்திரையும் வந்தன. செடியும் மலையும் கூடையும் அதில் இல்லை. சென்ற வருடம் வந்த பொல்ச்சகெய்ஸ்ட் பச்சைத் தேயிலைத் தூள் டப்பாவில் வாழ்கிறது, அது புல் வகையையும் சேர்ந்தது. இலைக்கு அந்தளவு கிட்ட வந்துவிட்டார்கள். ஒரு தலைமுறையில் கொழுந்துக் கூடையைத் தூக்கி வரும் ஒன்றை யாராவது வரைய வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அம்மாவுக்கு சினிஸ்டீயைக் காட்டினேன். தேத்தண்ணியை வீணாக்கினால் அப்படித்தான் வரும் என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

சத்திர சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். பிறகு அதைத் தள்ளிவைத்தார்கள். ஆறு.

ஏப்ரல் 3, புதன்

சுவாம்பர்ட் போய்விட்டது. பால் பார்க்கில் நாம் அனுப்பியதையே நாம் திரும்பப் பிடிக்க வேண்டும். பார்க் பால் ஒருபோதும் தவறாது, இருந்தாலும் எறியும்போது கை நடுங்கியது. குளத்தில் வந்து நின்றது. சபையரில் அது இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. இனி அங்கே அது திரும்பப் போகாது, எந்த வழியும் இல்லை.

ஒன்றைக் கவனித்தேன். சபையரில் நீர் வகையைச் சேர்ந்த எந்தத் தாக்குதலும் சிறப்புத் தாக்குதல் எண்ணைத்தான் பார்க்கும். 2006இல் டயமண்டும் பேர்லும் அதை மாற்றி, உடலால் மோதுவதா தொலைவிலிருந்து பாய்ச்சுவதா என்று ஒவ்வொரு வித்தைக்கும் தனித்தனியாகத் தீர்மானித்தன. சுவாம்பர்ட்டின் பலம் உடலில்தான் அதிகம். அதனால் நான் திரும்பக் கற்றுக்கொடுத்த அதே வாட்டர்ஃபால், அதே எண்களோடு, முன்பைவிட வலுவாக விழுகிறது. அது மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த விதி மாறியது. ஐந்து தலைமுறைகளுக்குப் பிறகும் எடுத்துக் காட்டக்கூடிய மாற்றம் என்றால் இதைத்தான் சொல்வேன். சண்டையில் தற்காலிகமாகப் பலமூட்டும் மெகா வடிவம் 2013இல் வந்தது, 2019இல் இல்லாமல் போனது. 2016இன் இசட் வித்தைகளும் 2019இன் டைனமாக்ஸும் அடுத்த தலைமுறைக்குக்கூட வரவில்லை. பெப்ரவரி 27 அறிவிப்பில் அடுத்த வருட விளையாட்டுக்கு மெகா திரும்புவதைக் காட்டினார்கள், சுவாம்பர்ட்டுக்கும் ஒன்று உண்டு, அது வந்தால் அவன் மகிழ்வான். ஆனால் ஒரு தலைமுறைக்கு மட்டும் தரும் பலத்தை நான் அன்பளிப்பாகக் கருதுவதில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

கனலேவ் நகரம். மறக்கவைப்பவர் இங்கேயும் இருக்கிறார். டயமண்டிலிருந்து அடுத்த தலைமுறைக் கேசட்டான பிளாக்குக்குப் போகவும் எச்எம் இருக்கக்கூடாது. வாட்டர்ஃபால் திரும்பவும் போனது.

ஏப்ரல் 6, சனி

பிளாக்கிற்கு மாற்ற இரண்டு கருவிகள் வேண்டும்; பழைய டிஎஸ் லைட்டில் டயமண்ட், திரீடிஎஸ்ஸில் பிளாக். பக்கத்து லயத்துப் பையன் வந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பிளாக்கும் வைட்டும் 2010இல் வந்தபோது, கதை முடியும்வரை புதிய 156 மட்டுமே கண்ணில் படும்படி அமைத்திருந்தார்கள், பிகாச்சுகூட இல்லை. பலர் வெறுத்தார்கள். எனக்கு அது துணிவாகத் தெரிந்தது, ஏனென்றால் கதை முடிந்த பிறகு பழையவற்றுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். காத்திருக்கச் சொல்வது வேறு, இடமில்லை என்பது வேறு.

ஏப்ரல் 8, திங்கள்

தூக்கம் இல்லை. திரீடிஎஸ்ஸின் இணையச் சேவை நம் நேரப்படி நாளை அதிகாலை நிறுத்தப்படும். போகிமொன்களை இணையத்தில் வைத்திருக்கும் பேங்கும், அங்கே ஏற்றும் டிரான்ஸ்போர்ட்டரும் தொடரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. நம்பிக்கை இருந்தாலும், பிளாக்கின் முதல் பெட்டியில் இருந்தவற்றை இன்றிரவே கோயில் மேட்டிலிருந்து பேங்குக்கு ஏற்றினேன். டிரான்ஸ்போர்ட்டர் முதல் பெட்டியை மட்டுமே எடுக்கும். சுவாம்பர்ட் முதல் வரிசையில் இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

பேங்க் திறக்கிறது. அனைத்தும் இருக்கின்றன. அவன் பெயர் ஏழு எழுத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 10, புதன்

அப்பா அழைக்கவில்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னதாக நாளையே சத்திர சிகிச்சை செய்கிறார்களாம். பேங்கிலிருந்து ஹோமுக்கு மாற்ற, கைத்தொலைபேசியில் ஹோம் காட்டும் குறியீட்டைத் திரீடிஎஸ்ஸில் அடிக்க வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவனுக்கு மட்டுமே தெரியும். தொலைபேசியில் கேட்டேன், நேரில் வந்தால்தான் சொல்வேன் என்றான். திரீடிஎஸ்ஸும் சார்ஜரும் பையில் இருக்கின்றன, அம்மா மாற்று உடுப்பு மடித்துக்கொண்டிருக்கிறார். ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.