பேருந்துக்கும் வயதாகும்

எங்கள் ஊரில் இரவு தங்கிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் வண்டி ஒன்று இருந்தது. காய்கறிக் கூடைகளும் பால் கேன்களும் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அதில்தான். சில ஆண்டுகளுக்கு முன் அது விட்டுவிட்டு வரத் தொடங்கி, கடைசியில் நின்றே போனது. பழைய வண்டியைக் கழித்துவிட்டார்கள், மாற்று வண்டி வரவில்லை என்று நடத்துநர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அரசுப் போக்குவரத்துக்கான நீண்டகாலத் திட்டம் என்று எதைப் படித்தாலும், புதிதாக எத்தனை பேருந்துகள் வாங்குகிறார்கள் என்பதைவிட, அவை தேய்ந்து ஓயும் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்றே தேடிப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஏறத்தாழ 20,000 பேருந்துகளை இயக்குகின்றன. 1972இல் பல்லவன், பாண்டியன் என்ற பெயர்களோடு தொடங்கிய இந்த அமைப்பு குக்கிராமம்வரை வண்டி விட்டது என்பதே அதன் பெருமை. ஆனால் பேருந்துகளை மொத்தமாக வாங்கினால் அவை மொத்தமாகவே கிழடாகும். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்கள் ஓடக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட செலவெல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றது.

அந்தச் செலவுக்குப் பணம் சேராததன் ஒரு காரணம் கட்டணம். 2011 நவம்பரில் உயர்த்திய கட்டணத்தை அதன்பின் 2018 ஜனவரியில்தான் தொட்டார்கள். ஆறு ஆண்டுச் சுமை ஒரே நாளில் பயணிகள் தலையில் இறங்க, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் உயர்வின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுதோறும் ஐம்பது காசு கூட்டுவதற்கு அஞ்சிய அரசுகள், ஒரேயடியாகக் கூட்டிவிட்டு அதைவிடப் பெரிதாக அஞ்ச நேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் அத்தையைக் கேட்டால் கணக்கு இன்னும் கூடும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்காக 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இலவசப் பயணத்துக்கு ஈடாகக் கழகங்களுக்கு அரசு தரும் இந்த ஈட்டுத்தொகை டீசலுக்கும் சம்பளத்துக்கும் கரைந்துவிட்டால், கூடுதல் கூட்டத்தைச் சுமக்கும் வண்டியின் தேய்மானத்துக்கு எதை எடுத்து வைப்பது என்பதுதான் என் கேள்வி.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடை கிடைத்தது. வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு மூன்றும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. நடத்துநரும் வசூலும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பக்கம். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். வண்டியின் விலையும் அந்தக் கிலோமீட்டர்க் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், தேய்மானத்தைத் தள்ளிப்போட வழியில்லை. ஆனால் வசூல் குறைந்த மாதத்திலும் நிறுவனத்துக்குத் தர வேண்டியதைத் தந்தாக வேண்டும். இதுவரை அத்தகைய நெருக்கடிகளில் காத்திருக்க வைக்கப்பட்டவர்கள் சொந்தத் தொழிலாளர்களே. 2024 ஜனவரி வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஓய்வூதியர்களின் அகவிலைப்படியும் இருந்தது.

பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று: பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று இந்தக் கழகங்களுக்குக் கடன் கொடுக்கவே 1975இல் போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் உருவானது. ஓய்வுபெற்றவர்கள் பலர் வட்டிக்காக அதில் பணம் போடுவதுண்டு. கிலோமீட்டருக்குச் சில காசுகளை எடுத்து, வேறு எதற்கும் தொட முடியாத மாற்று வண்டி நிதியாக அங்கே சேர்த்து வைக்கச் சட்டம் செய்யலாம். புதிதாக ஓர் அலுவலகம்கூடத் தேவைப்படாது.

மின்சாரப் பேருந்துகளின் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்: பணிமனையின் மின்னேற்றும் கருவிகள் யாருக்குச் சொந்தம், டீசல் இன்ஜினில் கைதேர்ந்த நம் தொழில்நுட்பப் பணியாளர்கள் அதற்குள் பேட்டரி வேலை பழகியிருப்பார்களா, அடுத்த வண்டிக்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கும்.