போயிட்டு வாரேன்: ஒரு எல்.கே.ஜி. வகுப்பின் நாட்குறிப்பு

30.05.2025, வெள்ளி

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பில் இந்த ஆண்டு 22 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வகுப்போடு ஒட்டிக்கொள்ளும் வரையிலான நாட்களை இங்கே எழுதி வர நினைக்கிறேன். பிள்ளைகளின் பெயர்களை எழுதப் போவதில்லை.

இன்று பெற்றோர்களையும், பெற்றோர் வேலைக்குப் போகும் வீடுகளில் ஆச்சிமார்களையும், தனித்தனியே உட்காரவைத்துப் பேசினேன். பிறந்த தேதியும் முகவரியும் விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. பிள்ளை யார் பக்கத்தில் படுத்துத் தூங்கும், பயந்தால் எதைப் பிடித்துக்கொள்ளும், சிறுநீர் வந்தால் வீட்டில் என்ன சொல்லும் என்ற மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைசிக் கேள்விக்குச் சிலர் கூச்சப்பட்டார்கள். ஆனால் ஒரே தெருவில் ‘ஒண்ணுக்கு’ என்று ஒரு வீட்டிலும், ‘உச்சா’ என்று அடுத்த வீட்டிலும், ‘சூச்சு’ என்று எதிர்வீட்டிலும் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் ‘தண்ணி வருது’ என்பார்களாம். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் ‘வெளிய போணும்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, வீட்டுக்குப் போகத்தான் கேட்கிறான் என்று நினைத்து நான் பொம்மையைக் காட்டிப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த நோட்டு அதற்குப் பிறகு வந்ததுதான்.

02.06.2025, திங்கள்

22 பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லவில்லை. 11 பேர் காலை ஒன்பது மணிக்கு வந்து பத்தேகாலுக்குத் திரும்பினார்கள். மற்ற 11 பேர் பத்தரைக்கு வந்து பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு பிள்ளையின் அழுகை அடுத்த பிள்ளைக்கு நொடியில் தொற்றிக்கொள்ளும் என்பதால், முதல் வாரத்தில் கூட்டத்தைக் குறைப்பதைவிட உதவியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வாசலில் ஓர் அப்பா என் காதருகே குனிந்து, “டீச்சர், நீங்க அவனுக்கு அணிலைக் காட்டுங்க, நான் அப்படியே நழுவிடுதேன்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே இந்த யோசனையை ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று வேப்பமரத்து அணிலைக் காட்டி நான் பிள்ளையைத் திருப்பிய நேரத்தில் அவள் பின்வாசல் வழியாகப் போனாள். பிள்ளை திரும்பிப் பார்த்தபோது அம்மா நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அதன்பின் ஒரு மாதம் வரை அந்தப் பிள்ளை வீட்டில் அம்மாவைக் குளிக்கக்கூடப் போகவிடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது என்று கேள்விப்பட்டேன். பள்ளியிலோ, எதையாவது பார் என்று நான் விரலை நீட்டினாலே அது வாசல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அம்மா திடீரென்று மறைந்துவிடுவாள் என்பதையும், டீச்சர் அதற்கு உடந்தை என்பதையும் அதற்கு நானே கற்றுக்கொடுத்துவிட்டேன்.

எனவே இந்த ஆண்டு எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லுங்கள்; எப்போது வருவீர்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள்; சொல்லிய பிறகு நிற்காதீர்கள். நம் ஊரில் சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் ‘போகிறேன்’ என்று சொல்லி எழுந்து வருவதில்லை. பெரியவர்களுக்கே அந்த ‘வாரேன்’ வேண்டியிருக்கும்போது, மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது இல்லாமல் எப்படி முடியும்?

அந்த அப்பா சொல்லிவிட்டே போனார். மகன் அழுதான், பத்து நிமிடம் போல அழுதான்.

04.06.2025, புதன்

மூன்றாம் நாள் எப்போதும் கடினமான நாள். முதல் இரண்டு நாட்கள் புதுப் பையும் புது வாட்டர் பாட்டிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. மூன்றாம் நாள்தான், இது தினமும் நடக்கப் போகிற காரியம் என்பது அவர்களுக்குப் புரிகிறது. முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்த நான்கு பேர் இன்று வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெற்றோர்கள் பயந்துபோனார்கள். பேத்தியைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாத்தா மட்டும், “நாத்தைப் பிடுங்கி நட்டா வாடத்தான செய்யும்? மூணாம் நாள் உயிர்த்தண்ணி விட்டாப் பிடிச்சுக்கிடும்லா” என்று மற்றவர்களுக்குச் சொன்னார். 1840-இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டிய ஜெர்மானியரான ஃபிரோபெலும் இந்தத் தாத்தாவும் உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று நான் விட்ட உயிர்த்தண்ணீர் ஒரு படக்கயிறு. சுவரின் குறுக்கே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு சணல் கயிற்றைக் கட்டி, பிரார்த்தனை, களிமண், அவல், கதை, செருப்பு என்று அன்றைய வேலைகளை வரைந்து வரிசையாகத் தொங்கவிட்டேன். கடைசியில் வீடு. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து வந்து, துணி மாட்டும் கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றிவைக்க வேண்டும். இத்தனை மணிக்கு அம்மா வருவாள் என்பது அவர்களுக்குப் பொருளற்ற பேச்சு. செருப்புப் படத்துக்கு அடுத்து அம்மா வருவாள் என்பது புரிகிறது. விம்மிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை நான்கு முறை எழுந்து போய், கிளிப்புக்கும் வீட்டுக்கும் நடுவே இன்னும் எத்தனை படம் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

09.06.2025, திங்கள்

சனிக்கிழமை பக்ரீத், நேற்று ஞாயிறு. விடுமுறை கழிந்த திங்கட்கிழமைக்கு உரிய அழுகை இன்று இருந்தது, எதிர்பார்த்ததுதான்.

என் கவலையெல்லாம் ஒரே ஒரு பையனைப் பற்றியது. அவனுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். பிறந்ததிலிருந்து அவன் அம்மாவின் தட்டுக்குப் பக்கத்திலேயே, கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான். அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் நாள் முழுவதும் அருகிலேயே இருந்தது, இவனைப் பொறுத்தவரை உலகத்தின் இயல்பு. மற்றவர்களின் அழுகை விட்டுவிட்டு வருகிறது. இவனுடையது அடங்குவதே இல்லை.

நோட்டில் இவன் பெயருக்கு நேரே, ‘அம்மாவின் முந்தானை’ என்று எழுதியிருந்தேன். பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தரும்படி அவரிடம் கேட்டேன். “தொவச்சுத் தரட்டா டீச்சர்?” என்றார். வேலை செய்யும்போது கட்டுகிற சேலையில் புகையிலைத் தூள் ஏறியிருக்கும், அது பிள்ளையின் மூக்குக்கு ஆகாது. ஆனால் சோப்பு மணக்கத் துவைத்த துணியில் அம்மா இருக்க மாட்டாள். கடைசியில், இரவு குளித்துவிட்டுக் கட்டிக்கொண்டு படுக்கிற சேலையிலிருந்து துவைக்காமல் ஒரு துண்டு தருவது என்று இருவருமாக முடிவு செய்தோம். பிள்ளைகள் இப்படிப் பிடித்துக்கொண்டு திரியும் துணியையும் பொம்மையையும் அற்பமாக எண்ணக் கூடாது என்பதை டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களிலேயே விளக்கி எழுதியிருக்கிறார். தாய்க்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நிற்கிற பொருள் அது. ‘பெரிய பையன் ஆயிட்டே, இன்னும் என்ன துணி’ என்று அதைப் பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

13.06.2025, வெள்ளி

காற்று மேற்கேயிருந்து பலமாக அடிக்கிறது. பொதிகை மலைப் பக்கம் மூட்டமாக இருக்கிறது. முற்றம் முழுக்கப் பூவரசு இலை உதிர்ந்து கிடந்தது. பீடிக்கார அம்மாவின் மகன் துணித் துண்டைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, படியில் தனியே உட்கார்ந்து, ஓர் இலையை எடுத்து, காம்பையும் நடு நரம்பையும் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு பெருவிரல்களாலும் இறுக்கமாகச் சுருட்டத் தொடங்கினான். அசல் பீடி சுற்றும் கைதான். ஆயாம்மா பதறிப்போய் அதைப் பிடுங்கப் போனார். நான் தடுத்துவிட்டேன். அந்தக் கை அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தது. அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நானும் அருகில் உட்கார்ந்து ஓர் இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினேன். சத்தம் சரியாக வரவில்லை. என் சுருட்டல் தளர்வாக இருந்தது. அவன் அதை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்து, மறுபடி இறுக்கிச் சுற்றி என்னிடமே நீட்டினான். இப்போது பீப்பி முற்றம் முழுவதும் கேட்டது. பள்ளிக்கு வந்து பத்து நாட்களுக்கு மேல் ஆன பிறகு அவன் முதன்முதலாக அழுகையல்லாத ஒரு குரலில், “இன்னொண்ணு?” என்று கேட்டான். அரை மணி நேரத்துக்குள் அவனைச் சுற்றி ஒன்பது பேர், ஆளுக்கு ஓர் இலையோடு, வரிசையில் நின்றார்கள்.

மாலையில் அவன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கி, “எம்புள்ளை இந்தத் தொழிலுக்கு வரக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு விட்டேன் டீச்சர்” என்றார். அவர் பிள்ளை சுற்றியது பீப்பி என்று சொன்னேன். அவருடைய கையிலிருந்துதான் அந்தக் கைத்திறன் வந்தது என்பதையும் சொன்னேன்.

19.06.2025, வியாழன்

எல்லாரும் இப்போது ஒன்றாக வந்து மதியச் சாப்பாடு வரை இருக்கிறார்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளிப்பை மாற்ற யார் முறை என்பதில்தான் சண்டை.

25.06.2025, புதன்

அழுகிறவர்களைத் தேற்றுவதிலேயே இருந்துவிட்டு, அழாத ஒருத்தியைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று இன்று உறைத்தது. சன்னலோரத்தில் உட்காரும் அந்தப் பெண் பிள்ளை முதல் நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. ‘தங்கமான பிள்ளை’ என்று ஆயாம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். ஆனால் அவள் களிமண்ணைத் தொடுவதில்லை, அவலைத் தின்பதில்லை, அம்மா அழைக்க வரும்போது ஓடிப் போவதும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பாவாடை நனைந்திருக்கிறது. அப்போதும் யாரிடமும் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

பெற்றோரைப் பிரிந்து நாட்கணக்கில் மருத்துவமனையில் இருக்க நேர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த ஜான் பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும், குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு சோர்ந்துபோகும், அதன்பின் யாரோடும் ஒட்டாமல் விலகிவிடும் என்று கண்டார்கள். அந்த அமைதியைக் குழந்தை தேறிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். அரை நாள் பள்ளியை அதோடு ஒப்பிடுவது மிகை என்பது எனக்குத் தெரியும். என்றாலும், அழுதவர்கள் எல்லாரும் என் இடுப்பில் ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. நாளையிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில், எதுவும் கேட்காமல், சும்மா உட்காரப் போகிறேன்.

09.07.2025, புதன்

நேற்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை என்பதால் பாதி வகுப்பு டவுனுக்குப் போய் ரத வீதியில் தேர் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. விடுமுறை முடிந்து வந்ததால் இரண்டு பேர் அழுதார்கள். பீப்பிக்காரன் அவர்களுக்கு இலை பொறுக்கப் போனான். அவனுடைய துணித் துண்டு பைக்குள்ளேயே இருந்தது.

சன்னலோரத்துப் பெண்ணும் இன்று அழுதாள். அம்மா ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னதும் உதடு கோணி, அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து, வாய்விட்டு அழுதாள். அம்மா திகைத்துப்போய், “இத்தனை நாள் நல்லா இருந்தாளே டீச்சர்” என்றார். அழட்டும், இது நல்லதற்குத்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். தூக்கியபோது அவள் உடலை விறைத்துக்கொள்ளவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, படக்கயிற்றில் கிளிப் அவலுக்குப் போகும் வரை அப்படியே இருந்தாள். பிறகு தானே இறங்கினாள்.

கதை நேரத்தில் பின்னாலிருந்து யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். திரும்பினால் அவள்தான் நின்றாள்.

“டீச்சர், தண்ணி வருது.”

ஆயாம்மா அவளுடைய வாட்டர் பாட்டிலை எடுக்கப் போனார். நான் கதைப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன்.