39பி வழக்கில் என் தம்பி

2018 பிப்ரவரியில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு ரோட் பிளாக்கில் தம்பியைப் பிடித்தார்கள். அவன் ஓட்டியது கூட்டாளியின் மைவி கார். பின்சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்கூல் பை, அதற்குள் பழைய சட்டையில் சுற்றி வைத்த கஞ்சா. இப்போது இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

கெமிஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் லாயர் முதலில் தேடியது எடையை. 412 கிராம். “200 கிராம் இருந்தாலே கடத்தல்னு சட்டமே எடுத்துக்கும், அக்கா” என்றார். அவன் யாருக்கும் விற்கவில்லையே, பணம் கைமாறியதை யாரும் பார்க்கவில்லையே என்று அம்மா அழுதார். அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம். கஞ்சா 200 கிராம், சியாபு (மெத்தாம்பெட்டமின்) 50, ஹெராயின் 15, அந்த அளவோ அதற்கு மேலோ உன்னிடம் இருந்தது என்று ஆகிவிட்டால் நீ கடத்தல்காரன். இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும். அப்போது கடத்தலுக்கான 39பி பிரிவு என்றால் அநேகமாகத் தூக்குதான், கட்டாயத் தூக்கு 2023 ஜூலையில்தான் போனது. ஜாமீனும் கிடையாது.

எனக்குப் புரியவே பல மாதம் ஆன விஷயம், சட்டம் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமானம் ஒன்றல்ல, இரண்டு. கார் உன் கட்டுப்பாட்டில் இருந்ததா, அப்படியானால் உள்ளே இருந்த பொருளும் உன்னுடையது, அது என்னவென்றும் உனக்குத் தெரியும், இது ஒன்று. உன்னுடையது, எடையும் 200க்கு மேல், அதனால் கடத்தல், இது இன்னொன்று. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம் என்று 2014இல் 37ஏ என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். சாவி கையில் இருந்ததிலிருந்து நேராகத் தூக்குக் கயிறு வரை போய்விடலாம், நடுவில் அவனுக்குத் தெரியுமா என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

2019 ஏப்ரல் 5 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்த 37ஏ அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தம்பியின் விசாரணை அப்போது பாதியில் இருந்தது. லாயர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் பண்ணினார்.

அதற்கு முன்பே டிபிபி (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) பக்கமிருந்து பேச்சு வந்தது, கைவசம் வைத்திருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டால் 39ஏ(2)க்குக் குறைக்கிறோம் என்று. குறைந்தது 5 வருடம், 10 பிரம்படி. ஒப்புக்கொள்ளச் சொல்லி நானே தம்பியைக் கெஞ்சினேன், உயிராவது மிஞ்சட்டும் என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்தபடி அவன் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அவனைக் காப்பாற்றியது பிடிபட்ட அன்று அவன் சொன்ன வார்த்தை. முதல் வாக்குமூலத்திலேயே கூட்டாளியின் பெயர், போன் நம்பர், வீடு இருக்கும் தாமான் (குடியிருப்பு) எல்லாம் சொல்லியிருந்தான். அல்கொந்தாரா வழக்கு என்று லாயர்கள் சொல்வார்கள்: வேறொருவரின் விவரத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் போலீஸ் அதை விசாரிக்க வேண்டும், கோர்ட்டில் வந்து முதல் முறையாகச் சொன்னால் யோசித்துக் கட்டிய கதை என்பார்கள். குறுக்கு விசாரணையில் அதிகாரி அந்த நம்பருக்கு ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். வீட்டுக்குப் போகவில்லை. அப்புறம் அந்தச் சட்டை. எக்ஸ்எல் சைஸ். லாயர் அதைத் தம்பியின் தோளில் வைத்துக் காட்டச் சொன்னபோது இரண்டு பக்கமும் தொங்கியது, லாக்கப்பில் இளைத்ததற்கு முன்னாலும் அவன் எஸ் சைஸ்தான்.

37ஏ போய்விட்டதால் நீதிபதி ஓர் அனுமானத்தை மட்டுமே எடுக்க முடிந்தது. 39பியை விட்டுவிட்டு, கைவசம் வைத்திருந்ததற்கு மட்டும் பதில் சொல்ல அழைத்தார். அதிலும் சந்தேகம் கிளப்பினால் போதாது, அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நாம் காட்ட வேண்டும். தம்பி சத்தியம் செய்து கூண்டில் இரண்டு நாள் பேசினான். 2020 ஜனவரியில் விடுதலை.

அன்று கோர்ட் வாசலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்கு சியாபு, 60 கிராம் சொச்சம். முதல் வாக்குமூலத்தில் பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த விசிட்டில் கேளுங்கள் அம்மா, லாயரிடம் அந்த நகலையும் வாங்கிப் படியுங்கள் என்று சொல்லி, என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.