பட்டா மனு கிடப்பில் கிடந்தபோது ரிட் போட்ட அனுபவம்

அம்மாவின் பங்குக்குத் தனிப்பட்டா கேட்டு இ-சேவை மையத்தில் மனு போட்டிருந்தோம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. உட்பிரிவு செய்து பெயர் மாற்றுவதுதான் பாக்கி. சர்வேயர் வரவேயில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்டால் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பார்கள். தள்ளுபடி செய்திருந்தால்கூடக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போகலாம். உத்தரவே போடாமல் வைத்திருந்தால் எதை எதிர்த்துப் போவது?

ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் (அதிகாரிக்கு உத்தரவிடும்படி கோர்ட்டைக் கேட்கும் மனு) போடலாம் என்றார் வக்கீல். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "பட்டா கொடுங்கன்னு கோர்ட் சொல்லாதும்மா. உங்க மனு மேல ஒரு முடிவெடுங்கன்னுதான் சொல்லும்."

அதற்கு முன் தாசில்தாருக்குப் புதிதாக ஒரு மனுவை, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். அலுவலக முத்திரையோடு திரும்பி வந்த அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தோம். மனு போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் எங்களுக்குச் சாட்சி. ஆனால், பல வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்படி ஒரு மனு அனுப்பினால் பழைய கோரிக்கைக்கு உயிர் வந்துவிடாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இதைச் சொல்லியிருக்கிறது.

வழக்கு முதல் விசாரணையிலேயே முடிந்தது. தாசில்தார் தரப்புக்காக அரசு வழக்கறிஞர் அங்கேயே நோட்டீஸ் பெற்றுக்கொண்டார். கோரிக்கை சரியா தவறா என்பதற்குள் நீதிபதி போகவில்லை. உத்தரவு நகல் கிடைத்த எட்டு வாரத்துக்குள், சம்பந்தப்பட்டவர்களை விசாரித்து, சட்டப்படி முடிவெடுக்க வேண்டும் என்றார்.

"நகல் கிடைத்த" என்பதைக் கவனியுங்கள். நகல் தாலுகா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கெடு ஓடத் தொடங்கும். அதனால் நகலை நேரில் கொடுத்து, தேதியோடு சீல் வாங்கினேன். கெடு தாண்டினால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். அதையும் ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை. பங்காளிகள் எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. சர்வேயர் வந்து அளந்தார். கிழக்கு வரப்பு விஷயத்தில் சித்தப்பா ஆட்சேபம் சொன்னார். தாசில்தார் இரு தரப்பையும் கேட்டு, பத்திரத்தில் உள்ள அளவுப்படி உத்தரவு போட்டார். இப்போது பட்டா அம்மா பெயரில் இருக்கிறது.

செலவுக்குப் பயந்து தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளையிலேயே அதற்கான குழு இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.