கதவுக்கு எந்தப் பக்கம் உட்காருவது?

இங்கிலாந்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மனநல வார்டு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பாலிசி உண்டு. ஆவேசப்படுபவரைப் பிடித்து நிறுத்த, தனியறையில் வைக்க, ஊசி போட்டபின் கண்காணிக்க என்று ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், வலிப்பு உள்ளவர்கள் குளிப்பதைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள் என்பேன்.

காரணம் கானர் ஸ்பாரோஹாக். 18 வயது. 2013 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிகிச்சைப் பிரிவின் குளியல் தொட்டியில் தனியாக இருந்தபோது வலிப்பு வந்து, மூழ்கி இறந்துபோனார். மகனுக்கு வலிப்பு வந்திருக்கும் போலிருக்கிறது என்று அம்மா முன்பே அங்கே சொல்லியிருந்தார். கானர் குளிக்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் அங்கிருந்த ஏற்பாடு. மூழ்குவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அலட்சியமும் சாவுக்குக் காரணம் என்று 2015 விசாரணையில் ஜூரி சொன்னது.

அதனால்தான் வலிப்பு உள்ளவர்களை முடிந்தவரை ஷவரில் குளிக்கச் சொல்கிறோம். தொட்டிதான் வேண்டும் என்றால் ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எழுதுவதற்கு இது சுலபம். எங்களிடம் இருந்த ஒருவருக்குத் தொட்டியில் படுத்துக் கிடப்பதுதான் நாளின் பெரிய சந்தோஷம். யாராவது உள்ளே நின்றால், "வெளியே போ" என்று கத்துவார். அவர் கேட்டது நியாயம்தானே? குளிக்கும்போது யார் பார்ப்பதை நாம் விரும்புவோம்?

2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். படங்களைக் காட்டி, வேறு வேறு நாட்களில் பேசிப் பார்த்தோம். தண்ணீரில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சரி, அவருக்காக நாம்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவு அவருடைய சுதந்திரத்தை எவ்வளவு குறைவாகத் தொடுமோ அவ்வளவு நல்லது. தொட்டியை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது அவருடைய அக்கா அழுதுவிட்டார். அப்புறம் அவரேதான் வழியும் சொன்னார்: வீட்டில் திரையைப் பாதி இழுத்துவிட்டு, தொட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து தம்பியோடு பேசிக்கொண்டே இருப்பாராம்.

அதையே செய்தோம். திரை தோளுக்குக் கீழே மறைக்கும், தலை தெரியும். ஆண் ஊழியர் ஸ்டூலில் உட்கார்ந்து கால்பந்து பேசுவார். கத்தல் நின்றது.

அதைக் கேர் பிளானில் எழுதும்போது "தகுந்த கண்காணிப்பு" என்று எழுத நான் விடவில்லை. யார், எங்கே உட்கார வேண்டும், தண்ணீர் எதுவரை, அவசர அலாரம் யார் கையில், வலிப்பு வந்தால் முதலில் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பது என்பதுவரை எழுதினோம். ஆள் பற்றாத நாட்களில் வெளியிலிருந்து வரும் நர்ஸுக்கு இவரைத் தெரியாது. அவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நேரே போய் ஸ்டூலில் உட்கார முடிய வேண்டும்.